நமத்துப்போன திரி

ரிமோட்டில் பறந்த தாய் விமானத்தின் வயிற்றிலிருந்து எங்கள் ராக்கெட் விமானம் கழன்றது. பழைய சோதனை விமானம் ஒன்றைப் பார்த்து ஸ்டெல்லா அக்காவும் நானும் மும்பை செம்பூர் வீட்டில் செய்த, ஆள் நீள மாடல் அது. கழன்றதும் ராக்கெட் பற்ற வேண்டும். பொறி மட்டும் வந்தது, பற்றவில்லை. சறுக்கிக்கொண்டே போய் மைதானத்துப் புல்லில் குத்தி நின்றது. காற்றில் வெடிமருந்து வாடை வந்தது.

முன்பு தாராவியில் இருந்தபோது எங்களுக்கு அது கிறிஸ்துமஸ் வாடை. தீபாவளிக்கு வாங்கும் வெடியில் பாதியைக் கிறிஸ்துமஸுக்கென்று அம்மா அடுப்புக்கு மேலே பரணில் வைப்பாள். அப்படியும் திரி நமத்துவிடும். அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. தெர்மாகோல் விமானத்தில் ராக்கெட் வாணத்தைக் கட்டி, பற்றவைத்து, மாடி ஏணியிலிருந்து அக்கா விட்டாள். அது சந்தில் நின்ற என் காலடியில் விழுந்தது.

"ஏட்டி, அணைஞ்சிட்டா?" என்று கேட்டபடி இறங்கி வந்தாள்.

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அணைஞ்சிட்டுக்கா, எடு" என்றேன்.

எடுத்தாள். அவள் கையிலேயே சீறியது.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது, "நானாத்தான் எடுத்தேன்" என்றாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

இப்போது அதே கையில் ரிமோட்டைப் பிடித்தபடி, புல்லைப் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, அணைஞ்சிட்டா?"

புகை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் ஓரடி எடுத்து வைத்தாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"தெரியலக்கா" என்றேன். "அன்னைக்கும் எனக்குத் தெரியாது."