சிவப்புப் பேனாவும் எடை மேடையும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இன்டர்வியூவுக்காகப் பைத்தியம் பிடித்தவள்போல் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்த பிறகு ஆறு வருடமாக வேலைக்குப் போகவில்லை. இப்போது முயற்சி செய்தது பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு. ஓர் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்து, அதற்குக் கம்ப்யூட்டரில் என்ன வசதி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை அது. யூடியூபில் கிடைத்த கேள்வி பதில் அத்தனையும் மனப்பாடம். குக்கர் விசிலை எண்ணும்போதுகூட வாய் எதையோ முணுமுணுக்கிறது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அப்படிப் படித்தும் இரண்டு கம்பெனிகளில் கோட்டை விட்டேன். புத்தகத்தில் இருப்பதையே ஒப்பிக்கிறீர்கள் என்று இரண்டு இடத்திலும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கம்பெனியில் முதல் சுற்றைத் தாண்டினேன். இரண்டாவது சுற்றுக்கு, நிஜமாக நடக்கிற ஏதாவது ஒரு வேலையை நேரில் பார்த்துப் படமாக வரைந்து, அதில் எதை மாற்றலாம் என்று பத்து நிமிடம் பேச வேண்டும். இதுவும் போனால் இனி எங்கேயும் விண்ணப்பம் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் கீழ்வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. அவரிடம் போய் நின்றேன். ஒருநாள் வந்து பாரும்மா என்றார். விடியற்காலையில் கிளம்பி, பெரியபாளையம் வழியாக பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவர் அரை மணி நேரத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். பழைய இரும்பு ஏற்றிய லாரி வரும், வாசலில் டோக்கன் வாங்கும், டோக்கன் வரிசைப்படி எடை மேடையில் ஏறும், சரக்கை இறக்கும், காலி வண்டியாக இன்னொரு முறை எடை போட்டுவிட்டுப் போகும். கட்டம் கட்டமாக அழகாக வரைந்துகொண்டேன்.

பிறகு எடை மேடைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். லாரிகளை ஒவ்வொன்றாக மேடைக்கு அழைத்து எடை போடுவது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நீலக் கோட்டு, காலில் சேறு. காண்டிராக்ட் ஆள் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் முதலில் கூப்பிட்டது நான்காம் டோக்கனை. அடுத்து ஏழு. அதற்கப்புறம் இரண்டு. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தப்பைக் கண்டுபிடித்துவிட்டேனே! சிவப்புப் பேனாவை எடுத்து, 'வரிசை மீறல். ஆள் பார்த்து விடுகிறார்கள். இனி கம்ப்யூட்டரே டோக்கன்படி அழைக்க வேண்டும்' என்று எழுதினேன். பக்கத்திலேயே இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி எட்டிப் பார்த்தார். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. ஏன் வரிசை தப்புகிறது என்று அந்தப் பெண்ணிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டார். காண்டிராக்ட் வேலை, அதைப் பறிக்க அதிகாரியின் ஒரு வார்த்தை போதும்.

அந்தப் பெண் பதறவே இல்லை. கண்ணாடி வழியே லாரிகளைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒண்ணாம் நம்பரு தார்ப்பா போடாம வந்துகீது சார். தண்ணி சொட்டிக்கினு கீது. இப்பவே எடை போட்டா தண்ணியையும் சேத்து வாங்குவோம், வடியட்டும். நாலுல தூளு இரும்பு, காந்த கிரேன்தான் தூக்கணும். கிரேன்காரரு நாஷ்டாவுக்குப் போறதுக்குள்ள அத்த இறக்கணும். ஏழாம் நம்பரு ஓட்டிக்கினு வந்த நெல்லூர் நைனாவுக்குக் காச்சலு. முன்னாடி கீற வண்டிக்காரங்கள கேட்டுக்கினுதான் வுட்டேன்."

அதிகாரிக்கே இது புதுசு. வெளியே பதினோரு லாரிகள். கையில் நோட்டு கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எனக்கு நம்பிக்கை வராமல், ஒன்பதாம் வண்டியில் என்ன என்று கேட்டேன். பழைய தகர டின், தார்ப்பாய் போட்டிருக்கிறது, ஆனால் பின்பக்கம் கிழிசல், அங்கே மட்டும் ஈரம் என்றார். நான் சேற்றில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடேயப்பா! கிழிசல் உட்பட அப்படியே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் படித்த அத்தனை பாடத்தையும் ஒரு தட்டிலும், அந்தப் பெண்ணின் தலைக்குள் ஓடுவதை இன்னொரு தட்டிலும் வைத்தால் என் பக்கம் அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "என்னையே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த லாரிக்குக் கை காட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாலை வரை அவர் பக்கத்திலேயே இருந்து, கேட்டுக் கேட்டுப் புதிதாக ஒரு படம் வரைந்தேன். இன்டர்வியூவில் இரண்டு படங்களையும் மேசையில் வைத்தேன். கேட்காமல் வரைந்தது இது, கேட்டு வரைந்தது இது என்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கம்ப்யூட்டர் வந்தால் அந்தப் பெண் எதற்கு என்று ஒருவர் மடக்கினார். மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை. சரக்கு ஈரமா, எந்த கிரேன் வேண்டும், ஓட்டுநர் எப்படி இருக்கிறார் என்பதைக் கம்ப்யூட்டர் குறித்து வைக்கட்டும், எந்த வண்டி முதலில் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். மறுவாரம் வேலைக்கான கடிதம் வந்தது.

இனிப்பு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். வேலை கிடைத்ததைக் கேட்டு வாய் நிறையச் சிரித்தார். அந்த வேலை எனக்குக் கிடைக்கத் தான் என்ன செய்தோம் என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவே இல்லை. இப்போது எந்த அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனாலும், மேலாளரிடம் பேசி முடித்ததும் இதைக் கையால் செய்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிடுகிறேன். அவ்வளவு பெரிய அறிவு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தபோது நான் தலைகுனிந்து தப்பு எழுதிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தால், வெட்கமும் பிரமிப்பும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் வருகின்றன.