"பாடு" படுத்திய பாடு

துறைக்கு உங்களால் என்ன செய்ய முடியும் என்று எங்கள் மானிடவியல் துறை பழைய மாணவர்கள் குழுவில் கேட்டிருந்தார்கள். ஒரு பீரோ வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"பீரோ இருக்கு மேடம். உங்க ஆய்வேட்டை அந்த ஊர்க்காரங்ககிட்டயே வாசிச்சுக் காட்டணும், என்கூட வந்தா போதும்" என்றாள் இப்போது அங்கே படிக்கும் நிவேதா.

அதனால் இன்று இருவரும் பழவேற்காடு போனோம். டச்சுக் கல்லறை தாண்டி, மீன் விற்கும் எல்லம்மாவைப் பிடித்தோம். அந்தக் காலத்தில் அவள் அப்பாவிடம் பேசித்தான் நான் ஆய்வேடு எழுதினேன்.

நிவேதா சும்மா இருக்காமல் அதைப் போனில் திறந்து வாசித்தாள்: "'இன்னிக்கு எங்க பாடு' என்று துயரத்தைச் சொல்லியபடியே மீனவர்கள் ஏரியில் இறங்குகிறார்கள்."

எல்லம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா இது? பாடுன்னா கஷ்டம்னா நெனச்சிக்கின? ஏரில வலை போட ஊர்ல முறை வெச்சிருக்கோம்ல, அதான் பாடு. இன்னிக்கு நம்ம முறைனு நைனா சந்தோசமா சொன்னாரு. நீ அவர அழ வெச்சிட்டியே!"

அன்று துறையில் எல்லாரும் பாராட்டியது அந்த வரியைத்தான்.

"மீதியையும் எட்த்துகினு வாக்கா. இன்னும் யார யார அழ வெச்சிக்கிறியோ!"

திரும்பும் பேருந்திலேயே திருத்தம் எழுதித் துறைக்கு அனுப்பினேன். ஆய்வேட்டில் ஒட்டி வைக்கிறார்களாம். மற்ற அத்தியாயங்களை வாசித்துக் காட்ட அடுத்த மாதம் நிவேதாவின் வகுப்பே கிளம்புகிறது.

என் மானம் பழவேற்காட்டில் போயாச்சு. குழுவில் பீரோ தருவதாகச் சொன்ன மற்றவர்களே, உங்கள் ஆய்வேட்டின் ஊர் எது?