வீரபாண்டி ஆற்றில் நான் விட்ட இரண்டு மீன்கள்

ஐந்து வருடங்களுக்கு முன் தேனி வாடகை வீட்டைக் காலி செய்து மதுரைக்குக் கிளம்பியபோது, மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியை விற்றுவிட்டோம். அதிலிருந்த, கண்ணாடிப் பாசியைத் தின்னும் இரண்டு ‘டேங்க் கிளீனர்’ மீன்களை வாங்கத்தான் ஆளில்லை. கொல்ல மனசு வருமா? வீரபாண்டிக் கோயிலில் சாமி கும்பிட்டு, பக்கத்தில் ஓடும் முல்லைப் பெரியாற்றில் பொரி தூவி, இரண்டையும் விட்டேன். புண்ணியம் செய்த நிம்மதியோடு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

போன மாதம்தான் படித்தேன்: இந்த மீன்கள் ஆறுகளில் பெருகி வலைகளைக் கிழிக்கின்றனவாம். பெரியவை ஆழத்தில் திரியும், கரையைக் குடையும். குஞ்சுகள் ஓரத்துக் கல்லிடுக்கிலும் வேரடியிலும் ஒண்டிக்கொள்ளும். குஞ்சு கண்ணில் பட்டால் அங்கேயே பிறந்தது என்று அர்த்தம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. ஒன்றை விட்டிருந்தால் பயமில்லை. நான் விட்டதோ இரண்டு.

மாசி கடைசிச் சனிக்கிழமை, காலை 6.10க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனி 75 கி.மீ., இரண்டு மணி நேரம், டிக்கெட் எழுபது ரூபாய் சொச்சம். அங்கிருந்து வீரபாண்டி எட்டு கி.மீ.; டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆண்டிப்பட்டிக் கணவாயைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள், மீன் நினைப்பில் நான் பார்க்கவே இல்லை.

தடுப்பணைக்குக் கீழே முழங்கால் தண்ணீர். வலையை உதறிக்கொண்டிருந்த முருகேசன் என்பவரிடம் விசாரித்தேன். அறுபது வயதிருக்கும்.

“தொட்டி மீனா? ஏன் கேக்குறீக தாயி! அந்த எழவாலதான் ரெண்டு வலை போச்சு. முள்ளு மாட்டுனா வலையை அறுத்துத்தான் எடுக்கணும்.”

“குஞ்சு இருக்குமா அண்ணே?”

“இங்கன வாங்க.”

படித்துறைக் கல்லிடுக்கில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். விரல் நீளம், உடம்பெல்லாம் புள்ளி.

“கெண்டைக் குஞ்சு ஒதுங்குற எடம் தாயி இது. இப்ப இதுகதான் கெடக்கு. எந்தப் புண்ணியவான் கொண்டாந்து விட்டாகளோ.”

“நான்தான் அண்ணே விட்டேன்.” சொல்லாமல் திரும்பியிருக்கலாம், முடியவில்லை.

அவர் வையவில்லை. “நீங்க மட்டுமா விட்டீக?” என்று குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார். “கரையில போடுங்க. தண்ணியில விட்றாதீக.”

முள் சுருக்கென்று குத்தியது. கையை உதறிவிட்டேன். அது தண்ணீரில் விழுந்து கல்லுக்கடியில் போய்விட்டது. அரை மணி நேரம் இருவரும் துழாவினோம். கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீர் குறைந்த மாசி, பங்குனியில் காலை ஒன்பதுக்குள் போனால் ஓரம் தெளிவாகத் தெரியும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆற்றையே பார்க்க முடியாது. தடித்த கையுறை அவசியம். வீட்டில் இந்த மீன் இருந்தால் கடைக்கோ, தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுங்கள். யாரும் வாங்காவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாவம் பார்த்து ஆற்றுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

நான் விட்டது இப்போது மூன்று.