சுறா எண்ணெய் பூசிய செயின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் கடற்கரை ஊர் பள்ளிமுனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாயில்லாமல் மீன் விற்க முடியுமா என்று நானும் திருப்பிக் கேட்பேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஏழு மாதம் அந்த வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். பிறகு அதைத் திறந்த விதம் சரியில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் மனுசன் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய கண்களை எடுத்துவிட்டது. முதலில் இடது கண், அடுத்த வருடம் வலது கண். இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அவருடைய மரவள்ளம் இன்னொருவர் கைக்குப் போனது. அவருடைய மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்தது. காலையில் கரையில் மீன் எடுத்து, பின்னால் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு, பாலம் கடந்து உயிலங்குளம், அடம்பன் என்று ஊர் ஊராக, வீடு வீடாக விற்கத் தொடங்கினேன். பொம்பிளை கியர் மாற்றுகிறாள் என்று சிரித்தவர்கள், இரண்டாம் மாதம் என்னிடமே பாரை மீன் கேட்டு வாசலில் நின்றார்கள்.

மீன் பெட்டி கட்டிய வண்டிக்குச் செயின்தான் முதல் எதிரி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன் மேல் விழும். காற்றுக் காலத்தில் ரோட்டுக்கு வரும் மணல் முழுவதும் அதில்தான் ஏறும். செயின் காய்ந்தால் கத்தும், கத்தினால் தேயும்.

"செயினை என்னட்ட விடு. ஓடுறது நீ, துடைச்சுப் பூசுறது நான்" என்றார் மனுசன்.

நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கண் போன நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்த மனுசன், பின்னேரம் ஆனதும் எழும்பி, சுவரைப் பிடித்து, வேப்பமரத்தடியில் நிற்கும் மோட்டார் சைக்கிளிடம் தானாகவே போனார். ஒரு கையால் பின் சில்லைச் சுற்றி, மற்றக் கையில் துணியைப் பிடித்து, கண்ணி கண்ணியாகத் துடைப்பார். துடைத்து முடிந்ததும் என்னை உள்ளே அனுப்பிவிடுவார்.

"போய்த் தேத்தண்ணி போடு. நான் பூசிட்டு வாறன்."

தடவித் தடவிப் பூசுவதை நான் பார்ப்பது அவருக்கு வெட்கம் என்று நினைத்தேன். அதனால் போய்விடுவேன்.

அவர் பூசியது சுறா எண்ணெய். ஈரலை உருக்கி எடுக்கிற அந்த எண்ணெயைத்தான் மரவள்ளத்தின் பலகைக்குப் பூசுவார்கள். பலகையில் ஊறி, காய்ந்து, மேலே தோல் போலப் படியும். கடல் தண்ணீர் உள்ளே போகாது. வருடத்தில் இரண்டு தரம் அவர் தன் வள்ளத்துக்குப் பூசுவார். அந்த நேரம் பெண்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வள்ளம் போன பிறகும் அரைக் கலன் எண்ணெய் அடுப்படி மூலையில் மிஞ்சிக் கிடந்தது. வள்ளத்தைக் காப்பாற்றிய எண்ணெய் செயினைக் காப்பாற்றாதா என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாறுகிறது என்று மட்டும் சொன்னேன். "மீன்காரிக்கு இதென்ன புது நாத்தமே?" என்று சிரித்தார்.

அடம்பனில் வண்டி திருத்துகிற ஒருவர் இருக்கிறார். பிரேக் சரிபார்க்கப் போன அன்று செயினைக் கண்டுவிட்டார்.

"என்னக்கா இது? என்னத்தைப் பூசுறியள்?"

"சுறா எண்ணெய்."

"ஐயோ அக்கா, இதென்ன வள்ளத்துப் பலகையே?" செயினை விரலால் தூக்கிக் காட்டினார். சில கண்ணிகள் மடங்கவே இல்லை, கட்டை போல நின்றன. "இது காய்ஞ்சு பிசினாப் போகுது. அதில மண் ஒட்டினால் ஓட ஓட அராவும். பல்லைப் பாருங்கோ." பின் பற்சக்கரத்தின் பற்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, சுறாவின் பல் போலக் கூராகிக் கிடந்தன. "செயினும் ரெண்டு சக்கரமும் சேர்த்து மாத்த வேணும். விட்டால் ஒரு நாளைக்கு ஓட்டத்தில அறுந்து சில்லை இறுக்கிப் போடும். ஆர் இதைப் பூசுறது?"

"நான்தான்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். படலையைத் திறந்தபோது அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் தயாராக நின்றார். "இண்டைக்குப் பிந்திட்டாய்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அந்த மனுசனுக்கு ஒரு நாளில் மிச்சம் இருந்த வேலை அது ஒன்றுதான். நான் தேத்தண்ணீர் போடப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு கள்ளவேலை தொடங்கியது. அவர் பின்னேரம் பூசுவார். காலையில் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் நான் அதைத் துடைத்து எடுத்து, கியர் ஒயில் விடுவேன். போகிற வருகிற ஆட்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. புதுச் செயின் வாங்குவதை, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். வாங்கினால் ஏன் என்று கேட்பார். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கியபோது மீன் பிந்தி வந்தது. அவசரத்தில் துடைப்பதையும் விட்டுவிட்டேன். நாலு நாள், ஐந்து நாள், ஒரு கிழமை.

பாலத்தின் நடுவில்தான் அறுந்தது. 'படார்' என்று ஒரு சத்தம். பின் சில்லு இறுகி, வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. பின்னால் வந்த லொறி என் தலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றது. இரண்டே முழம். மாதாவே என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா, இன்றுவரை தெரியாது. பெட்டியில் இருந்த ஓரா மீனும் சூடை மீனும் ரோட்டெல்லாம் கிடந்தன. லொறிக்காரர்தான் வண்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார்.

முழங்காலில் இரத்தம். அவர் படலைக்கு ஓடிவந்தார், தூணில் இடித்துக்கொண்டு. "என்னடி, என்ன நடந்தது?" என்று என் முகத்தைத் தடவினார்.

அந்தக் கையில் சுறா எண்ணெய் மணத்தது. எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், கையைத் தட்டிவிட்டேன்.

"உங்கட எண்ணெய்தான் என்னை விழுத்தினது! செயினைத் தின்னுறது அந்த எண்ணெய்தான். ஏழு மாசமா எனக்குத் தெரியும். நீங்கள் பூசப் பூச நான் துடைச்சுக்கொண்டு திரியிறன்!"

அக்கம்பக்கத்துச் சனம் வேலிக்கு வந்துவிட்டது, லொறிக்காரர் நடந்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். அடுத்த நாளும் எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும். பின்னேரத்தில் அவருடைய கை மட்டும் மடியில் அசையும், சில்லைச் சுற்றுகிற மாதிரி. என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

நாலாம் நாள் பஸ்ஸில் அடம்பனுக்குப் போய்ப் புதுச் செயினும் இரண்டு பற்சக்கரமும் வாங்கினேன். "வண்டியைக் கொண்டு வாங்கோ அக்கா, பூட்டித் தாறன்" என்றார் திருத்துகிறவர். வேண்டாம் என்றேன். எப்படிப் பூட்டுவது என்று மட்டும் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியை அவர் மடியில் வைத்தேன்.

"எனக்கு இது பூட்டத் தெரியாது. எழும்புங்கோ."

"லொறி எவ்வளவு கிட்ட வந்தது?" என்று கேட்டார். நாலு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

இந்தத் தரம் மறைக்கவில்லை. "ரெண்டு முழம்."

மடியில் இருந்த பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு எழும்பினார்.

பின் சில்லைக் கழற்றினோம். நான் அவர் கையை நட்டில் வைப்பேன், அவர் கழற்றுவார். பழைய சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கூர்ப் பல் ஒன்று விரலில் குத்தியது. கையை எடுக்கவில்லை. கடைசிப் பல் வரை தொட்டுவிட்டுத்தான் கீழே வைத்தார். புதுப் பற்சக்கரங்களைப் பூட்டி, சில்லைத் திரும்ப மாட்டி, செயினைச் சுற்றிப் போட்டு, இணைப்புக் கண்ணியைக் கோர்த்தார். அந்தக் கண்ணியைப் பிடிக்கிற சின்னக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், மாறிப் போட்டால் கழன்றுவிடும் என்று கேட்டு வந்ததைச் சொன்னேன். சில்லை முன்னுக்குச் சுற்றச் சொல்லி, விரலால் திசை பார்த்து, கிளிப்பை அழுத்தினார். 'டிக்' என்றது. மூன்று தரம் தடவிப் பார்த்தார். கீழ்ப்பக்கச் செயின் இரண்டு விரல் அளவு ஆடுகிறதா என்று பார்த்து, இரண்டு பக்க நட்டையும் சுற்று எண்ணி ஒரே அளவாக இறுக்கினார். நான் பார்த்தேன். ஒரு நூல் பிசகில்லை.

கியர் ஒயில் போத்தலைக் கையில் கொடுத்தேன். மணந்து பார்த்தார். நான் வழக்கம்போல உள்ளே போகத் திரும்பினேன்.

"நில்லு" என்றார். "சில்லைச் சுத்த ஆள் வேணும்."

நின்றேன். போத்தலைத் திறக்காமல் வைத்திருந்தார்.

"வள்ளத்துக்கு எண்ணெய் பூசேக்க ஒரு சொல்லுச் சொல்லுறனாங்கள். அப்பரும் அதைத்தான் சொன்னவர். 'கொண்டு போறாய், கொண்டு வந்து விடு.' அவ்வளவுதான். உன்னை உள்ளுக்கு அனுப்பிப்போட்டு ஒவ்வொரு நாளும் இந்தச் செயினுக்கும் அதைத்தான் சொன்னனான்." போத்தலை ஒரு தரம் திருப்பிப் பிடித்தார். "எண்ணெய்தான் பிழைச்சுப் போச்சு. இந்த ஒயிலுக்கு அதைச் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோ" என்றேன். முழங்காலிட்டு, மெதுவாகச் சில்லைச் சுற்றினேன். அவர் குனிந்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, அந்தச் சொல்லை எனக்குக் கேட்கும்படி சொன்னார்.