நான் அமுக்காத ஓகே

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரைப் பெற்று வளர்த்தேன். கடைசி மகள் ஜெஸி பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களுக்கு சாஃப்ட்வேர் தயார் செய்து அனுப்புகிறவள். அங்கே பிள்ளைகள் எதையும் அமுக்கி மாற்ற முடியாதபடி கம்ப்யூட்டரைப் பூட்டியிருக்கும். அதனால் சாஃப்ட்வேர் யாரையும் கேள்வி கேட்காமல் அதில் தானாக ஏறவேண்டும்.

அனுப்புமுன் என்னை வைத்துத்தான் சோதிப்பாள். ஒருமுறை திரையில் இங்கிலீஷ் கேள்வி வந்து நின்றது. வாசிக்கத் தெரியாத வெட்கத்தில் எதையோ அமுக்கிவிட்டு, "சரியா ஏறிட்டு மக்கா" என்றேன். அவளும் நம்பி அனுப்பிவிட்டாள். பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்தக் கேள்வியிலேயே நின்றுபோயின. பழி அவளுக்கு.

அடுத்த முறையும் கேள்வி வந்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

"சும்மா ஓகே அமுக்கும்மா, நேரமாச்சு."

"மாட்டேன் ஏட்டி. கேக்காதுன்னு நீதானே சொன்ன? இந்தா, கேக்குதுல்லா!"

முறைத்தாள். பிறகு உட்கார்ந்து திருத்தினாள். அன்றோடு என் வெட்கம் போயிற்று.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை வாசி பார்ப்போம். ஒரு சொல் மாறியிருந்தாலும் ஓகே சொல்லமாட்டேன்.