எங்கள் ரூம் கூலரும் ஷகீலாவின் தொண்ணூற்றெட்டும்

ஒலி அலசல் படிக்கிறவர்களுக்கு டெல்லியின் ஹாரன் சத்தம்கூட ஒரு மாதத்தில் பழகிவிடும். ரூம்மேட்டின் மார்க் மட்டும் பழகவே பழகாது. எம்.டெக்.கில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்! என் ரூம்மேட் ஷகீலா, வாணியம்பாடிக்காரி. நான் மதுரை. ஜங்புராவில் ஒரே மாடி ரூம், ஒரே வகுப்பு. கடைசி ப்ராஜெக்டைப் பார்த்துவிட்டு, பிஎச்.டி.க்கு ஒரே ஒருத்தரைத்தான் எடுப்பேன் என்று புரொபசர் மேடம் சொல்லிவிட்டார். அது கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து பேங்க் பரீட்சைக்குப் படி என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் அந்த செமஸ்டர் முழுக்க ஷகீலா தும்மினால்கூட எனக்குப் பொறுக்கவில்லை.

பலூன்

முதல் ஹோம்வொர்க், ஓர் இடத்தின் எதிரொலியைப் பதிவு செய்வது. டப்பென்று ஒரு சத்தம் எழுப்பி, அது அடங்குகிற வரைக்கும் ரெக்கார்ட் பண்ண வேண்டும். நான் எங்கள் மாடிப்படியில் பலூனை உடைத்தேன். கீழ்வீட்டு ஆன்ட்டி அலறிக்கொண்டு ஓடி வந்ததுதான் மிச்சம். ஷகீலாவோ லோதி தோட்டத்துக்குப் போய், பழைய கல்லறை மண்டபத்தின் குவிமாடத்துக்குக் கீழே நின்று ஒரு தடவை கை தட்டிவிட்டு வந்தாள். வகுப்பில் மேடம் அதைப் போட்டுக் காட்டினார். சத்தம் சுற்றிச் சுற்றி வந்து மெதுவாகக் கரைந்தது. எல்லாரும் "வாவ்" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே பலூன் பாக்கெட்டோடு அதே மண்டபத்துக்குப் போனேன். இரண்டாவது பலூனிலேயே காவலாளி வந்துவிட்டார். கைஜாடையோடு அவர் இந்தியில் கேட்டது எனக்கு இப்படித்தான் புரிந்தது: "ஏம்மா, அன்னைக்கு வந்த பொண்ணு ஒரு தட்டுத் தட்டிட்டு, சலாம் சொல்லிட்டுப் போச்சு, நீ எதுக்கு வெடி வைக்கிறே?"

ஆலூ, பியாஜ்

கடைசி ப்ராஜெக்டில், தெருவில் கூவுகிறவர் ‘ஆலூ, பியாஜ்’ என்று உருளைக்கிழங்கும் வெங்காயமும் விற்கும் காய்காரரா, பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரா என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கூவல்களைப் பதிவு செய்து, ஒரு பங்கைக் கொடுத்து அதற்குக் கற்றுத்தர வேண்டும். மீதியை ஒளித்து வைத்துப் பரீட்சை நடத்த வேண்டும்.

ஷகீலா வீட்டில் உருது பேசுவார்கள். டெல்லிக் காய்காரர் அத்தனை பேரும் அவளுக்கு அண்ணன் தம்பி மாதிரி. "பையா" என்று ஒரு வார்த்தைதான், கொத்துமல்லி ஓசியில் வந்து விழும். என் இந்தியோ ‘எவ்வளவு’ என்று கேட்கும் ‘கித்னா’வைத் தாண்டாது. ஆள் ஆளாகப் போய்க் கேட்க வெட்கப்பட்டு, ஒரே ஒரு காய்காரரையும் ஒரே ஒரு கபாடிக்காரரையும் பிடித்து, அவர்களையே திரும்பத் திரும்பக் கூவச் சொன்னேன். அந்தக் காய்காரர் ஷகீலாவிடம் முறையிட்டதை, அவள் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தாள்: "உன் சிநேகிதிக்கு என்ன கோளாறு பேட்டீ? தினம் கூவச் சொல்லுது, ஒரு வெங்காயம்கூட வாங்க மாட்டேங்குது!"

கடகட

அந்தப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்று நாலு சதவீதம் சரியாக வந்தது. துள்ளிக் குதித்தேன். ஷகீலாவுக்குத் தொண்ணூற்றெட்டு. போச்சு! சோறு இறங்கவில்லை.

எங்கள் பதிவுகள் எல்லாம் வகுப்பின் பொது டிரைவில்தான் இருக்கும். அவளுடையதை ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். காய்காரர் குரலுக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். அட, எங்கள் ரூம் கூலர்! காய்காரர்களை எல்லாம் காலையில் ஜன்னலுக்குள் இருந்தபடியே பதிந்திருக்கிறாள். கபாடிக்காரர்களைத் தெருவில் இறங்கிப் பதிந்திருக்கிறாள். ஆக, கூலர் கேட்டால் காய், கேட்காவிட்டால் கபாடி என்றுதான் அவள் கம்ப்யூட்டர் படித்திருக்கிறது. வெங்காயத்தையும் தெரியாது, உருளைக்கிழங்கையும் தெரியாது.

அவளிடம் சொன்னேனா? மூச்! அன்றைக்கு மெஸ் ராஜ்மாகூட அமிர்தமாக இருந்தது. ஷகீலா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னடி இளிப்பு? வீட்டுல மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டாங்களா?"

ஒரே ஆள்

எல்லார் முன்னாலும் காட்டும் நாள். ஷகீலா முதலில் அந்தத் தொண்ணூற்றெட்டைத்தான் ஓட்டிக் காட்டினாள். அவள் பேசி முடிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை. கையைத் தூக்கி, "மேடம், வெறும் கூலர் சத்தத்தைக் கொடுத்துப் பார்க்கலாமா?" என்று மொபைலில் போட்டேன். திரையில் ‘காய்காரர்’ என்று வந்தது. வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது.

"அடுத்த ஸ்லைடே அதுதான்டி, கொஞ்சம் பொறு" என்றாள் ஷகீலா. கூலர் தப்பை அவளே கண்டுபிடித்து, எல்லாரையும் தெருவிலேயே மறுபடி பதிந்திருந்தாள். கற்றுத்தர ஒரு கூட்டம், பரீட்சைக்கு வேறு ஆட்கள். மார்க் எழுபதுக்கு இறங்கியிருந்தது. அதையும் பளிச்சென்று போட்டிருந்தாள். மேடம் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அச்சா, உன் தொண்ணூத்தி நாலுல எத்தனை காய்காரர்?"

"ஒருத்தர், மேடம்."

"பரீட்சைக்கு?"

"அவரேதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "அப்போ உன் கம்ப்யூட்டருக்குக் காய்காரரைத் தெரியாது, அந்த ஒரு மனுஷனைத்தான் தெரியும்" என்றார் மேடம். இடம் ஷகீலாவுக்குப் போனது.

ரூமுக்கு வந்து அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினேன். ஷகீலா என் துணிகளை மடித்துக் கொடுத்தபடி சொன்னாள்: "கூலர் விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி, உன்னோடதையும் நான் உக்காந்து பாத்துக் குடுத்திருப்பேனே!"

கெட்டிக்காரியிடம் தோற்றால் ‘திமிர் பிடித்தவள்’ என்றாவது திட்டி ஆறுதல் தேடலாம், அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் பொறாமைப்படுகிறவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்!