உப்பில்லாத ஒரு மாதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆரையம்பதியில், நல்ல வெயில் காலம். என் கணவருக்குப் பிரஷர் என்று குளிசை எழுதிய டொக்டர், உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். கொஞ்சம் குறைப்பதெல்லாம் எனக்குப் போதுமா? அடியோடு நிறுத்திவிட்டேன்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டோடு வந்துவிடுவார். என் மூன்று தங்கைமாரின் வீடுகளும் ஒரே வளவுக்குள்தான். பாவம், மனிதருக்குத் தப்ப வழியே இல்லை. நான்கு அடுப்படியிலும் என் சட்டம். கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் ஒளித்தோம். வெயிலுக்கு நல்லதென்று செம்பு செம்பாகத் தண்ணீரும் குடிக்க வைத்தேன். "தலை ஒரு மாதிரிக் கிடக்கு புள்ள" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். சாட்டுச் சொல்லாமல் குடியுங்கள் என்று அதட்டினேன்.

ஒரு மாதம் போக, தடுமாறத் தொடங்கினார். கடைசித் தங்கச்சியின் பெயரால் என்னைக் கூப்பிட்டார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் என்னை மறக்கிறாரே என்று நொறுங்கிப் போனேன். ஒருவருக்கும் சொல்லாமல், அவரைக் கூட்டிக்கொண்டு, மறதிக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் காட்டப் புளியந்தீவுக்குப் பஸ் ஏறினேன்.

காத்தான்குடியில் ஏறிய ஒரு பெண் எங்கள் பக்கத்தில் இருந்தாள். அவள் கையிலிருந்த, உப்பும் தூளும் போட்ட மாங்காய் அச்சாறை இவர் எட்டிப் பறித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. இவருக்கு உப்பு ஆகாது என்று பிடுங்கப் போனேன்.

"எத்தின நாளா உப்பில்லக்கா? ஆள் தடுமாறுறாரா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கட உம்மாவும் இப்பிடித்தான் கிடந்தா. ஒண்டும் யோசிக்காதீங்க, முதல்ல ஆசுபத்திரிக்குப் போவம், வாங்க."

தன் அலுவலை விட்டுவிட்டு இறங்கி, அவரின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்திருந்தது. உப்பு இப்படி வெளியேறும்போது, மூளையில் சுரக்கும் ஒரு ஹோர்மோன் தண்ணீரை வெளியே விடாமல் உடம்பில் தேக்கி வைக்குமாம். உப்பை வெளியேற்றும் பிரஷர் குளிசை ஒரு பக்கம், உப்பில்லாச் சாப்பாடு ஒரு பக்கம், அதற்கு மேல் நான் ஊற்றிய தண்ணீர். அந்தத் தண்ணீர் ஏறித்தான் மூளை வீங்கியிருக்கிறது. இன்னும் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டொக்டர். குளிசையை மாற்றி, உப்பை மெல்ல மெல்ல ஏற்றினார்கள்.

நான்காம் நாள் காலை என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். "இண்டைக்காவது சோத்துல உப்புப் போட்டியா புள்ள?" என்று கேட்டார். வார்டே சிரித்தது, நான் அழுதேன்.

அவர்மேல் உயிரையே வைத்திருந்தேன் என்பது உண்மைதான்; ஆனால் தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னபோது ஒரு தரம்கூடக் காது கொடுக்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.